நீரிணைக்கு மேல் இரண்டு ஓடுபாதைகள்

பினாங்கு நீரிணையின் கரையிலுள்ள பாகான் டாலாமில் குடியிருப்பவர்களுக்கு விமானம் புதிதல்ல. வடக்கே எட்டு, ஒன்பது கிலோமீட்டரில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். அங்கிருந்து எழும் போர் விமானம் தலைக்கு மேல் போகும்போது வீட்டுக்குள் பேச்சு நின்றுவிடும். நீரிணைக்கு அக்கரையில், பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில், பாயான் லெப்பாஸ் விமான நிலையம். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பயணிகளை ஏற்றிவரும் விமானங்கள் அங்கே இறங்குகின்றன. இரண்டு வகை விமானங்களுக்கும் வானம் ஒன்றுதான். அதில் வெள்ளைக் கோடு இல்லை, சாலைச் சந்திப்பு இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. பிறகு எப்படி இவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கின்றன?

வானம் பெரியது, இடத்துக்கா பஞ்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். பினாங்கில் அந்தப் பதில் செல்லாது. இரண்டு தளங்களுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 22 கிலோமீட்டர், அதாவது 12 கடல்மைல். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். மணிக்கு 250 கடல்மைல் வேகத்தில் வரும் பயணி விமானம் இந்தத் தூரத்தை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். இதைவிட நெருக்கமான சிக்கலும் உண்டு. பாயான் லெப்பாஸ் ஓடுபாதையை வரைபடத்தில் வடகிழக்கு நோக்கி ஒரு கோடாக நீட்டிப் பாருங்கள். அந்தக் கோடு தீவின் பக்கமாகப் பினாங்கு பாலத்தைத் தாண்டி, நீரிணையைக் குறுக்காகக் கடந்து, பட்டர்வொர்த் படகுத்துறைக்குப் பக்கத்தில் கரையேறும். மேலும் நீட்டினால் விமானப்படைத் தளத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போகும். ஒரு விமான நிலையத்தின் வாசல் இன்னொன்றின் கொல்லைப்புறத்தில் திறக்கிறது.

இவ்வளவு நெருக்கத்தில் விமானங்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டைத்தான் விமானம் ஓட்டக் கற்கும் மாணவர் முதல் சில மாதங்களில் படிக்கிறார். அதைப் புரிந்துகொள்ள விமானி ஆக வேண்டியதில்லை.

ஓடுபாதையின் பெயர் ஒரு திசை

பாயான் லெப்பாஸ் ஓடுபாதையின் ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் பெரிய வெள்ளை எண்கள் எழுதப்பட்டிருக்கும். பட்டர்வொர்த்தில் 18, 36. இவை வரிசை எண்கள் அல்ல, திசைகள். வடக்கிலிருந்து வலப்புறமாக எண்ணினால் வட்டம் முழுவதும் 360 பாகை. ஓடுபாதை நோக்கும் பாகையைப் பத்தின் மடங்காக்கிக் கடைசிச் சுழியை விட்டுவிட்டால் அதன் பெயர் கிடைத்துவிடும். 40 பாகை, அதாவது வடகிழக்கு, 04 ஆகிறது. அதே பாதையில் எதிர்ப்புறமாக ஓடினால் 220 பாகை, ஆகவே 22. பட்டர்வொர்த் ஓடுபாதை தெற்கு வடக்காகக் கிடப்பதால் 18, 36. சென்னைக்காரர்கள் தங்கள் முதன்மை ஓடுபாதையின் 07, 25 என்ற எண்களை இப்போது தாங்களே படித்துக்கொள்ளலாம்.

இந்தத் திசையைக் காட்டுவது காந்த ஊசி. பூமியின் காந்த வடக்கு மெல்ல இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சில ஊர்களில் ஓடுபாதையின் பெயரையே மாற்ற வேண்டியிருக்கிறது. லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05, 23 என்றிருந்ததை 2009இல் 04, 22 என்று மாற்றி எழுதினார்கள். பினாங்கு மாணவருக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு: இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகைகூட இல்லை. வேறு நாடுகளில் மாணவர்கள் ஒவ்வொரு கணக்கிலும் பத்து, பதினைந்து பாகையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த முனையிலிருந்து ஓடுவது என்பதைக் காற்று முடிவு செய்கிறது. விமானத்தைத் தூக்குவது இறக்கையின்மேல் பாயும் காற்றின் வேகமே. தரையில் சக்கரம் உருளும் வேகம் அல்ல. எதிர்க்காற்று 15 நாட் வீசினால், மணிக்கு 140 கடல்மைல் காற்றோட்டம் தேவைப்படும் விமானம் தரையில் 125ஐ எட்டினாலே எழும்பிவிடும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம். பினாங்கில் ஆண்டை ஆளும் பருவக்காற்றுகள் இரண்டு, வடகிழக்கும் தென்மேற்கும். 04, 22 என்ற கிடை இரண்டுக்கும் பொருந்தி வருகிறது.

தென்மேற்குக் காற்று நாளில் வடகிழக்குப் பக்கமிருந்து நேராக 22ஆம் பாதைக்கு இறங்கும் விமானம் ஒன்றைப் பாகான் டாலாமிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். இறங்குசரிவு வழக்கமாக 3 பாகை. ஒரு கடல்மைல் முன்னேறுவதற்குள் விமானம் ஏறத்தாழ 320 அடி கீழே வரும். ஓடுபாதை முனை இங்கிருந்து சுமார் 7 கடல்மைல். ஆகவே அது உங்களைக் கடக்கையில் உயரம் 2,200 அடிக்குச் சற்று மேலே இருக்கும். அக்கரையில் தெரியும் பினாங்கு மலையின் உச்சியைவிடத் தாழ்வு, ஏனென்றால் அந்த உச்சி 833 மீட்டர், அடியில் சொன்னால் 2,700க்கும் மேல்.

ஏழு எழுத்துகள்

உலக விமானப் போக்குவரத்து விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு, வானத்தை ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. இவற்றை வான்பரப்பு வகுப்புகள் என்று சொல்லலாம். எல்லா நாடுகளும் ஏழையும் பயன்படுத்துவதில்லை. தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன.

மாணவர்கள் இதை ஒரு பெரிய அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அட்டவணைக்குள் இருப்பவை இரண்டே கேள்விகள். உள்ளே வர யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? உள்ளே வந்தபின் மற்ற விமானங்களிலிருந்து என்னைப் பிரித்து வைப்பது யார் பொறுப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடையதா, என் கண்ணுடையதா?

இங்கே விமானிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கருவிகளை நம்பிப் பறப்பவர் மேகத்துக்குள்ளும் போகலாம். கண்ணை நம்பிப் பறப்பவர் வெளியே பார்த்தே வழி காண்பவர். மாணவர்கள் இந்த வகையில்தான் தொடங்குகிறார்கள். ஏ வகுப்பு வானில் கண்வழிப் பறப்புக்கு இடமே இல்லை. நீண்டதூர விமானங்கள் பறக்கும் உயரங்கள் பெரும்பாலும் இந்த வகை. அங்கே எல்லாரையும் எல்லாரிடமிருந்தும் கட்டுப்பாட்டாளர் பிரித்து வைக்கிறார். சி வகுப்பில் இரு வகையினரும் அனுமதி பெற்று நுழையலாம். கருவிவழி விமானத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கட்டுப்பாட்டாளர் பிரிப்பார். கண்வழி விமானங்கள் இரண்டு எதிர்ப்பட்டால் தகவல் மட்டும் சொல்வார், பார்த்து ஒதுங்குவது அவரவர் வேலை. டி வகுப்பில் அந்த உதவி இன்னும் குறைகிறது. கடைசியான ஜி, கட்டுப்பாடற்ற வானம். அனுமதி வேண்டாம், பிரித்து வைப்பாரும் இல்லை.

பரபரப்பான விமான நிலையத்தைச் சுற்றித் தரையிலிருந்தே தொடங்கும் கட்டுப்பாட்டு வட்டம் ஒன்று இருக்கும். அதற்கு மேலே இன்னும் அகலமான அடுக்கு ஒன்று, இறங்கவும் ஏறவும் செய்யும் விமானங்களைக் காக்க. பினாங்கில் இரண்டு தளங்கள் 12 கடல்மைலுக்குள் அமைந்ததால் ஒன்றின் காப்பு வானத்தை மற்றொன்றிலிருந்து அறுத்துப் பிரிக்க முடியாது.

கண்வழிப் பறப்புக்கு வானிலையும் நிபந்தனை. 10,000 அடிக்குக் கீழே, கட்டுப்பாட்டு வானில் குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும். பாகான் டாலாம் பக்கத்தில் இதற்கு இயற்கையான அளவுகோல் ஒன்று நிற்கிறது. படகுத்துறையிலிருந்து ஜார்ஜ்டவுனின் கொம்தார் கட்டடம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர். சுமத்ராவில் காடுகளும் கரிநிலங்களும் எரிந்து, 2015இலும் 2019இலும் வந்ததுபோன்ற புகைமூட்டம் நீரிணையை மூடும்போது, கொம்தார் கண்ணில் படாவிட்டால் பயிற்சி விமானம் அன்றைக்குக் கொட்டகையிலேயே இருக்க வேண்டியதுதான்.

எல்லாரும் பேசும் ஒரே காது

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. பாயான் லெப்பாஸில் இறங்கப்போகும் பயணி விமானம், தொலைவில் கோலாலம்பூர் கட்டுப்பாட்டு மையத்திடம் பேசிக்கொண்டு வரும். நெருங்கியதும் அது பேசுவது ‘பட்டர்வொர்த் அப்ரோச்’ என்ற அழைப்புப் பெயருடைய குரலிடம். அது விமானப்படைத் தளத்திலிருந்து வரும் குரல். போர் விமானத்தையும் பயணி விமானத்தையும் ஒரே அறையில், ஒரே திரையில் பார்க்கிறார்கள். ஓடுபாதைக்கு வந்து சேரும் கடைசிக் கட்டத்தில்தான் பினாங்கு கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டு தளங்களை இரண்டு பேர் தனித்தனியே பார்த்துக்கொண்டு, இடையில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மூன்று நிமிடத் தூரம் போதாது. படைத் தளம் பக்கத்தில் இருப்பதை ஆபத்து என்று மட்டுமே பார்ப்பவர்கள் இந்த ஏற்பாட்டை அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் தளத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பாயான் லெப்பாஸ் 1935இல் திறக்கப்பட்டது. பட்டர்வொர்த் தளம் 1941 அக்டோபரில், பிரிட்டிஷ் விமானப்படைக்காக. இரண்டு மாதத்தில் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் தென் தாய்லாந்தைத் தாக்கக் கிளம்பும் நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் தளத்தின் மேல் குண்டு போட்டன. ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டிய விமானம் ஒன்றுதான் எழும்பியது. தனியாகவே தாய்லாந்தின் சிங்கோரா வரை போய்த் தாக்கி, பலத்த காயத்தோடு திரும்பி, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கிவிட்டு அவர் இறந்தார். 1946இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. போருக்குப் பின் 1950களின் இறுதியில் தளம் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்புக்கு வந்து, 1988இல் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மலேசியாவின் எஃப்-18 ஹார்னெட் விமானங்கள் இங்கே நிலைகொண்டிருக்கின்றன. 1971இல் ஐந்து நாடுகள் செய்துகொண்ட பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த பகுதிப் பாதுகாப்புத் தலைமையகமும் இங்கேதான்.

மீண்டும் அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு வருவோம். திரையில் தெரியும் புள்ளி யார் என்பது எப்படித் தெரியும்? ரேடாரில் இரண்டு வகை. முதல் வகை அலையை அனுப்பி, உலோகத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரியும். இரண்டாம் வகை விமானத்தைக் கேள்வி கேட்கும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற மறுமொழிக் கருவி, தனக்குத் தரப்பட்ட நான்கு இலக்க எண்ணையும் தன் உயரத்தையும் பதிலாக அனுப்பும். பொதுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பதிலைத்தான். 2014 மார்ச் 8 அதிகாலை, காணாமல்போன எம்எச்370 விமானத்தின் பதில் 1.21 மணிக்கு நின்றது. அதன்பின் அந்த விமானம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குத் தீவின் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணையில் வடமேற்கே போனதை முதல் வகை ராணுவ ரேடார்ப் பதிவிலிருந்துதான் பிறகு கண்டெடுத்தார்கள். அதில் 239 பேர் இருந்தார்கள். பெயரில்லாத புள்ளிக்கும் பெயருள்ள புள்ளிக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று மாணவர் ஒருவர் கேட்டால், ஆசிரியர்கள் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பேச்சுக்கும் கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. ‘ரன்வே ஜீரோ ஃபோர்’ என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். உயரமும் திசையும் அனுமதியும் அப்படியே. சொன்னவர் அதைக் கேட்டுச் சரிபார்க்கிறார். புரிந்தது என்று தலையாட்டும் பழக்கம் வானொலியில் உதவாது.

உயரத்தை எங்கிருந்து அளப்பது?

விமானத்திலுள்ள உயரமானி உயரத்தை அளப்பதில்லை. அது காற்றழுத்தத்தை அளந்து, அதை அடிகளாக மாற்றிக் காட்டுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது. கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ 28 அடி ஏறியதாகக் கணக்கு. தரையிலேயே அழுத்தம் மாறினால் கருவி ஏமாந்துவிடும். கருவியை 1013இல் வைத்துவிட்டு, அன்றைய அழுத்தம் 1008 என்ற நிலையில் பறந்தால், உண்மை உயரத்தைவிட 140 அடி அதிகமாகக் காட்டும். அதனால் இறங்கும் ஊரின் அன்றைய அழுத்தத்தைக் கட்டுப்பாட்டாளர் சொல்ல, விமானி குமிழைத் திருகி அதை வைத்துக்கொள்கிறார்.

நம் வெப்பமண்டலத்தில் அழகான ஒரு செய்தி உண்டு. புயலோ மழையோ இல்லாத சாதாரண நாளிலும் காற்றழுத்தம் கடல் அலையேற்றம் போலத் தினம் இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு. இரவிலும் அதேபோல ஒருமுறை. வித்தியாசம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும். பாயான் லெப்பாஸில் காலையில் உயரமானியைச் சரிசெய்து நிறுத்திவைத்த விமானம், யாரும் தொடாமலே, மாலையில் 80 அடி ஏறிவிட்டதாகக் காட்டும். குளிர்நாட்டுப் பாடநூலை வைத்துப் படிப்பவர்கள் இதைத் தவறவிடக்கூடாது.

குறிப்பிட்ட ஓர் உயரத்துக்கு மேலே பறப்பவர்கள் உள்ளூர் அழுத்தத்தை விட்டுவிட்டு எல்லாரும் ஒரே எண்ணை, 1013.25ஐ, வைத்துக்கொள்கிறார்கள். எல்லாருடைய கருவியும் ஒரே அளவில் தவறினால் விமானங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி தவறாது. கிழக்குப் பாதியை நோக்கிப் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்குப் பாதியை நோக்கிப் போகிறவர்களுக்கு இரட்டைப்படை. 2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை–பினாங்கு நேரடி விமானம், வரும்போது 35,000 அல்லது 37,000 போன்ற அடுக்கில் வங்கக்கடலைக் கடக்கும். திரும்பும்போது 36,000 அல்லது 38,000. எதிரெதிரே வருகிறவர்களுக்கு இடையே 1,000 அடி எப்போதும் இருக்கும். சிறு விமானத்தில் கண்வழிப் பறப்பவர், 3,000 அடிக்கு மேலே போனால், இந்த ஆயிரங்களோடு 500 சேர்த்துக்கொள்கிறார்.

பாயான் லெப்பாஸிலிருந்து அலோர் ஸ்டாருக்கு

இனி ஒரு பயணத்தை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவர் ஒருவர் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பாயான் லெப்பாஸிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் போகிறார். வரைபடத்தில் கோடு போட்டால் தூரம் 54 கடல்மைல், திசை 8 பாகை, அதாவது வடக்கிலிருந்து கொஞ்சம் வலப்புறம். தரையின்மேல் விமானம் வரைய வேண்டிய இந்தக் கோட்டைத் தடம் என்போம். விமானத்தின் வேகம் காற்றினூடே 100 நாட். காற்றே இல்லாவிட்டால் 32 நிமிடச் சொச்சம்.

கோட்டைப் பார்த்ததுமே முதல் பத்து கடல்மைலில் இரண்டு தடைகள் தெரிகின்றன. தடம் பினாங்கு மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிப் போகிறது. அடுத்து, பட்டர்வொர்த் ஓடுபாதைக்கு மேற்கே ஆறு கடல்மைலுக்குள் கடக்கிறது. ஆகவே நினைத்தபடி நேராகப் போக முடியாது. மாணவர் கிளம்புமுன்பே பறப்புத் திட்டம் கொடுத்திருக்கிறார். கட்டுப்பாட்டாளர் சொல்லும் வழியில், சொல்லும் உயரத்தில் தளத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வட்டத்தைக் கடப்பார். கணக்கு எளிதாக இருக்க, நாம் நேர்கோட்டையே வைத்துக்கொள்வோம்.

அன்று மேற்கிலிருந்து 15 நாட் காற்று. பாகான் டாலாம் படகோட்டி நீரிணையைக் கடக்கையில் அக்கரைத் துறைக்கு நேராக முனையை வைப்பதில்லை. நீரோட்டம் வரும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பியே வைப்பார். விமானிக்கும் அதே வேலை. விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையை முகத்திசை என்று சொன்னால், இங்கே தடம் 8 பாகை, முகத்திசை வேறு. பக்கக்காற்று விமான வேகத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. கணக்கிட்டால் காற்று வரும் பக்கமாக எட்டரைப் பாகை திருப்ப வேண்டும். 8 பாகைத் தடத்திலிருந்து எட்டரையைக் கழித்தால் முகத்திசை கிட்டத்தட்ட நேர் வடக்கு. மூக்கு வடக்கைப் பார்த்திருக்க, விமானம் வலப்பக்கமாகச் சரிந்து அலோர் ஸ்டாரைச் சென்றடையும். தரைமேல் வேகம் 101 நாட், நேரம் 32 நிமிடம்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் மூக்கை 8 பாகையிலேயே பிடித்துக்கொண்டால்? தரையில் வரையப்படும் தடம் 16 பாகைக்கு மேலே போய்விடும். பயண முடிவில் அலோர் ஸ்டாருக்குக் கிழக்கே எட்டு கடல்மைல் தள்ளி நிற்க வேண்டியிருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் அதற்கு முன்பே வேறொன்று வருகிறது. புறப்பட்ட பதினெட்டாவது நிமிடத்தில் அந்தத் தவறான தடம் ஜெராய் மலையின் உச்சியை ஒரு கடல்மைலுக்கும் குறைவான தூரத்தில் கடக்கிறது. மலையின் உயரம் 1,217 மீட்டர். அடியில் ஏறத்தாழ 3,990.

இப்போது உயரத்தைப் பாருங்கள். 8 பாகை கிழக்குப் பாதியில் வருகிறது. ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500. மாணவர் 3,500 அடியையும் எடுக்கலாம், 5,500 அடியையும் எடுக்கலாம். இரண்டும் விதிப்படி சரி. 3,500 அடியில் சரியான தடத்தில் போனால் ஜெராய் பத்து கிலோமீட்டர் வலப்புறம் நிற்கும், ஆபத்தில்லை. 5,500 அடியில் தவறான தடத்தில் போனால் உச்சிக்கு மேலே 1,500 அடி இடைவெளியில் கடந்துவிடும், அதுவும் பிழைத்தது. 3,500 அடியும் தவறான தடமும் சேர்ந்தால் மட்டுமே உச்சியைவிட 500 அடி தாழ்வாக, மலைச்சரிவை நோக்கிப் போகிறார். பிற்பகலில் ஜெராயின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தால் மலை கண்ணுக்கும் தெரியாது. உயரமானியில் பழைய அழுத்தம் இருந்துவிட்டால் இன்னும் நூறு, நூற்றைம்பது அடி போய்விடும். விமான விபத்து அறிக்கைகளைப் படிக்கிறவர்களுக்கு இந்தச் சேர்க்கை பழக்கமானது. தனியாக இருந்தால் யாருக்கும் கேடு செய்யாத சிறு பிழைகள் ஒரே நாளில், ஒரே இடத்தில் கூடுகின்றன. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் தரையில், தாளில் வைத்தே 5,500 என்று எழுத வைக்கிறார்கள். காற்றுக் கணக்கைச் சரியாகப் போட்ட மாணவரையும்தான்.

சரியாகப் போகிறோமா என்பதை நடுவழியில் எப்படி அறிவது? இதற்கு விமானிகளிடம் நெடுங்காலமாகப் புழங்கும் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அறுபது கடல்மைல் போனபின் ஒரு கடல்மைல் ஒதுங்கியிருந்தால் திசைப் பிழை ஒரு பாகை. முப்பது கடல்மைலில் மூன்று கடல்மைல் ஒதுங்கினால் ஆறு பாகை. நம் மாணவர் 18ஆம் நிமிடத்தில் வலப்பக்கம் பார்க்கிறார். ஜெராய் நேர் பக்கத்தில், பத்து கிலோமீட்டரில் தெரிய வேண்டும். மலை எதிர்பார்த்ததைவிட நெருங்கியிருந்தால் காற்று வானிலை அறிக்கை சொன்னதைவிட பலமாக வீசுகிறது. இடப்பக்கம் இன்னும் திருப்ப வேண்டும். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டால் பின்காற்று. கடிகாரமும் வரைபடமும் ஒரு மலையும் போதும். செயற்கைக்கோள் வழிகாட்டி இன்று பெரும்பாலான விமானங்களில் இருந்தாலும், அது அணைந்துபோன நாளுக்காக இதைக் கற்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அணையாத நாளுக்கும் இது வேண்டும், ஏனென்றால் கருவி காட்டுவது நம்பத்தக்கதா என்று கேட்கும் அறிவு இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

ஜெராயை வழிகாட்டியாக வைத்தவர்களில் விமானிகள் முதல்வர்கள் அல்லர். வங்கக்கடலைக் கடந்து கெடாவுக்கு வந்த தமிழகத்து வணிகக் கப்பல்களுக்கு, தாழ்ந்த கரை தெரிவதற்கு வெகுமுன்பே தெரிந்த அடையாளம் இந்த மலை. அதன் தென்னடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்கள் கிடக்கின்றன. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து தாக்கிய கடாரம் இந்தப் பகுதிதான். கடலோடிக்கும் விமானிக்கும் வேண்டியது ஒன்றே: தூரத்திலிருந்து தெரியும், இடம்பெயராத ஒரு பொருள்.

இறங்கியபின்னும் முடியாத பயணம்

அலோர் ஸ்டார் ஓடுபாதையும் 04, 22. காற்று மேற்கிலிருந்து வருவதால் 22 வாய்ப்பாக இருக்கும். சிறு விமானம் நேராகப் போய் இறங்கிவிடுவதில்லை. ஓடுபாதையைச் சுற்றிச் சுமார் 1,000 அடியில் ஒரு நீள்சதுரச் சுற்று இருக்கிறது, வழக்கமாக இடப்பக்கத் திருப்பங்களோடு. எல்லாரும் அதே சுற்றில், அதே பக்கமாக வந்தால் முன்னால் இருப்பவரைத் தேடவேண்டிய இடம் எதுவென்று கண்ணுக்குத் தெரியும். ஓடுபாதைக்கு இணையாக, காற்றோடு போகும் பக்கத்தில் கோபுரத்துக்குக் குரல் கொடுத்து, இரண்டு முறை திரும்பி, ஓடுபாதையின் நேருக்கு வந்து மாணவர் இறங்குகிறார். காற்று 270 பாகையிலிருந்து, ஓடுபாதை 220. ஐம்பது பாகை வித்தியாசம். 15 நாட்டில் ஏறத்தாழ பதினொன்றரை பக்கத்திலிருந்து தள்ளும். செஸ்னாவுக்கு அது சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் புதிய மாணவருடைய வரம்பு எவ்வளவு என்பதை ஆசிரியர் கிளம்புமுன்பே சொல்லியிருக்க வேண்டும்.

விமானத்தை நிறுத்தி, விசையை அணைத்ததும் மாணவர் மறக்கக்கூடாத ஒரு வேலை மிச்சமிருக்கிறது: வந்து சேர்ந்ததாகப் பதிவாக வேண்டும். கோபுரம் உள்ள நிலையத்தில் கட்டுப்பாட்டாளரே அதைக் குறித்துக்கொள்கிறார். கோபுரமில்லாத சிறு தளத்தில் விமானிதான் தகவல் சொல்லிப் பறப்புத் திட்டத்தை முடித்து வைக்க வேண்டும். சொல்லியிருந்த நேரத்துக்குப் பின் முப்பது நிமிடம் கடந்தும் விமானத்தைப் பற்றிய செய்தி இல்லையென்றால், பன்னாட்டு விதிப்படி ‘ஐயநிலை’ தொடங்குகிறது. வழியிலுள்ள நிலையங்களை அழைத்துக் கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் ‘எச்சரிக்கை நிலை’. அதற்கும் பின் ‘இடர்நிலை’. தேடும் விமானங்களும் படகுகளும் கிளம்பும். அவர்கள் தேடத் தொடங்கும் இடம், மாணவர் காலையில் பென்சிலால் போட்ட அந்த 8 பாகைக் கோடுதான். அதன் இருபுறமும், காற்று தள்ளியிருக்கக்கூடிய அளவுக்கு அகலமாக.